பகார்: மலாய்க்காரர்களின் வேலி, இந்தோனேசியர்களின் வேலி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், அந்த ஊர்ச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்கள், சும்மா மொழி ஆர்வத்தில் கேட்கிறவர்கள் என்று பலரும் ‘பகார்’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அகராதியைத் திறந்தால் ‘வேலி, தடுப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கால்பந்து மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் கைபேசியிலும் வருகிற பகாருக்கு அந்த ஒரு வரி போதாது. அதனால்தான் இந்தப் பக்கம்.

பகார் என்றால் வேலிதானே? அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வேலிதான். மூங்கில் படல், முள்கம்பி, இரும்புக் கிராதி, செங்கல் சுற்றுச்சுவர் எல்லாமே பகார். முள்கம்பி வேலிக்கு இந்தோனேசியாவில் ‘பகார் காவாட் பெர்டூரி’ என்பார்கள். செடி வைத்து வளர்க்கும் வேலிக்கு ‘பகார் ஹிடுப்’. ‘ஹிடுப்’ என்றால் உயிருள்ளது. நாம் உயிர்வேலி என்கிறோமே, அதேதான். நம்மூரில் கிளுவையும் கள்ளியும் நட்டால் அங்கே செம்பருத்தி நடுவார்கள். ஜாவாவில் ‘பெலுந்தாஸ்’ என்றொரு செடியை வேலியாக வளர்த்து, அதன் கொழுந்தைப் பறித்துச் சோற்றோடு தின்பதும் உண்டு.

வாசல் கேட்டுக்குச் சரியான சொல் ‘பிந்து பகார்’, அதாவது வேலிக் கதவு. ஆனால் பேச்சில் அதையும் சுருக்கமாகப் ‘பகார்’ என்றே சொல்லிவிடுவார்கள். ‘பகாரைத் திற’ என்று யாராவது சொன்னால் வேலியைப் பிரிக்கப் போக வேண்டாம், கேட்டைத் திறந்தால் போதும்.

வினையாக்கினால் ‘மெமாகார்’, வேலி போடு. ‘மெமாகாரி’ என்றால் ஓர் இடத்தைச் சுற்றி வளைத்து வேலி அடை. ‘பெர்பகார்’, வேலி உள்ள. ‘பெமாகாரான்’, வேலி போடும் வேலை. இலக்கணம் இவ்வளவு போதும்.

எப்படி உச்சரிப்பது?

நடுவில் வரும் ககரத்தைப் ‘பகல்’ என்பதில் வருவதுபோல மெலிதாகச் சொல்லக்கூடாது. ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ மாதிரி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் பெயர்ப்பலகைகளில் தமிழில் ‘பகார்’ என்று எழுதியிருப்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஜாவா மொழியிலும் சுண்டா மொழியிலும் ‘பகெர்’ என்பார்கள்.

‘கப்பல்’ காப்பாலாகவும் ‘கடை’ கெடாயாகவும் மலாய்க்குப் போனதுபோல, இதுவும் தமிழிலிருந்து போன சொல்லா?

இல்லை. பகார் அந்தத் தீவுகளின் சொந்தச் சொல். வீட்டையோ ஊரையோ சுற்றி நட்ட கழிகளைக் குறிக்கும் பழைய ஆஸ்திரோனேசியச் சொல்லிலிருந்து வந்தது என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். தமிழ் ஒலியோடு ஒத்துப் போகிற ஒவ்வொரு சொல்லையும் நம்முடையது என்று சொந்தம் கொண்டாடும் பழக்கம் நமக்கு உண்டு. இதில் அதற்கு இடமில்லை.

கோட்டைக்கு உறவான சொல் வேண்டுமானால் ‘கோத்தா’ இருக்கிறது. மலாயில் முதலில் கோட்டை, பிறகு நகரம். கோத்தா பாரு, கோத்தா கினபாலு எல்லாம் அந்தக் கோத்தாதான். அது இந்தியாவிலிருந்து போனது. நம் ‘கோட்டை’யும் அதுவும் ஒரே குடும்பம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கதையில் மறுபடி வரும்.

‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்று அவர்களும் சொல்வார்களா?

அப்படியே சொல்வார்கள். மலாயில் ‘ஹாராப்கான் பகார், பகார் மாக்கான் பாடி’: வேலியை நம்பினோம், வேலி நெல்லைத் தின்றது. இந்தோனேசியாவில் இன்னும் சுருக்கம், ‘பகார் மாக்கான் தானாமான்’: வேலி பயிரைத் தின்கிறது. காவலுக்கு வைத்தவரே கைவைத்த வழக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே கொடுமை செய்த செய்தி என்றால் மலேசிய நாளிதழ்களின் தலைப்பில் ‘ஹாராப்கான் பகார்...’ என்று பாதிப் பழமொழி போட்டுப் புள்ளி வைத்துவிடுவார்கள். மீதியை வாசகர்களே சொல்லிக்கொள்வார்கள்.

இந்தோனேசியப் பேச்சில் இதற்கு இன்னொரு பயன்பாடும் சேர்ந்துவிட்டது. நண்பனை நம்பிக் காதலியை அறிமுகப்படுத்துகிறான் ஒருவன். அந்த நண்பனே அவளைத் தட்டிக்கொண்டு போனால், அந்த நண்பனுக்குப் பெயர் ‘பகார் மாக்கான் தானாமான்’. தமிழில் இதற்கு நாம் வேலியை இழுப்பதில்லை, ‘கூட இருந்தே குழி பறித்தான்’ என்போம். மொழிபெயர்க்கிறவர்கள் இடம் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் இந்தப் பழமொழியை வைத்து அவ்வப்போது ஒரு சண்டை கிளம்பும். ‘பகார் இல்லை, அது பெகார். பெகார் என்பது காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை. பூச்சியைத் தின்னும் என்று நம்பி வயலில் விட்டால் அது நெல்லையே தின்றுவிட்டது, அதுதான் பழமொழி’ என்று ஒரு கட்சி. ‘வேலி எப்படி நெல் தின்னும்?’ என்பது அவர்கள் கேள்வி. எனக்கென்னவோ வேலிக் கட்சிதான் சரியாகப் படுகிறது. வேலி மேயாது என்பது தெரிந்ததால்தானே அது பழமொழி ஆகிறது! தவிர, வரப்போரம் உயிர்வேலி வைத்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். வேரை உள்ளே விட்டுத் தண்ணீரையும் உரத்தையும் இழுத்துக்கொண்டு, நிழலும் போட்டு, ஓரத்து இரண்டு வரிசைப் பயிரை அது தின்றே தீரும்.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் என்று இருக்கிறதே, அங்கே என்ன வேலி இருந்தது?

‘தஞ்சோங்’ என்றால் கடலுக்குள் நீண்ட நிலமுனை. ஆக, வேலி முனை. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள்.

முதல் விளக்கம் மீன்பிடி சம்பந்தப்பட்டது. ஆழமில்லாத கடலில் வரிசையாகக் கழிகளை நட்டு, மீன்களை அந்த வரிசையோடு ஓட்டிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு கூண்டுக்குள் விழவைக்கும் முறைக்குக் ‘கேலோங்’ என்று பெயர். அந்தக் கழிவரிசை கரையிலிருந்து பார்த்தால் கடலில் போட்ட வேலி மாதிரியே தெரியும். கரையோர மீனவக் குடியிருப்பு ஒன்றுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது, எல்லாரும் சொல்ல விரும்பும் கதை. மலாய் மன்னர்களின் பழங்கதைகளைத் தொகுத்த ‘செஜாரா மெலாயு’ நூலில் வருவது. சிங்கப்பூரின் கரையை ‘தோடாக்’ என்னும் ஊசிமூக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகத் தாக்கின. நம்மூர் முரல் மீனை நினைத்துக்கொள்ளுங்கள், அது ஆளைக் குத்திக் கொல்லும் அளவுக்குப் பாய்ந்தால் எப்படி இருக்கும்! அரசன் என்ன செய்தான்? குடிமக்களைக் கரையோரம் வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களாலேயே கோட்டை கட்டச் சொன்னான். மூலத்தில் வரும் சொல் ‘பெர்கோத்தாக்கான் பெத்திஸ்’. பெத்திஸ் என்பது கெண்டைக்கால். கெண்டைக்கால் கோட்டை! மீன்கள் குத்திக் குத்தி ஆட்கள் செத்து விழுந்தார்கள். அப்போது ஒரு சின்னப் பையன், ‘ஏன் கால்களால் கோட்டை கட்ட வேண்டும், வாழைமரத்தை வெட்டி வரிசையாக நட்டால் ஆகாதா?’ என்று கேட்டான். நட்டார்கள். பாய்ந்து வந்த மீன்களின் மூக்கு வாழைத்தண்டில் செருகிக்கொண்டு எடுக்க வரவில்லை. ஊர் பிழைத்தது. பையன் பிழைக்கவில்லை. இவ்வளவு புத்திசாலிப் பையன் வளர்ந்தால் அரியணைக்கே ஆபத்து என்று அரசனிடம் ஓதிவிட்டார்கள், கொன்றுவிட்டான். பின்னால் வந்த வழக்கில் பையனின் பெயர் ஹாங் நாடிம். அவன் ரத்தத்தால் சிவந்ததுதான் ‘புக்கிட் மேரா’ என்னும் செங்குன்று என்பது சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த வாழைமர வேலி நின்ற இடம்தான் தஞ்சோங் பகார் என்பார்கள்.

வரலாற்றுக்கு வந்தால், தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864-இல் தொடங்கியது. சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வளர்ச்சி பெரும்பாலும் அங்கிருந்துதான். தமிழர்கள் உட்படத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஏராளமானோர் அந்தத் துறையில் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். லீ குவான் இயூ 1955-இல் அந்தத் தொகுதியில் நின்று வென்று, 2015-இல் இறக்கும் வரை அதன் பிரதிநிதியாகவே இருந்தார்.

ரயில் நிலையத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையம் சிங்கப்பூருக்குள் இருந்தும் மலாயா ரயில்வேக்குச் சொந்தம். 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை எல்லையோரம் உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா மாறாமல் தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. அதனால் வடக்கே போகும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்ததாகக் கணக்காகி, அப்புறம் அரைமணி ரயிலில் போய்ச் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார்! இரண்டு நாட்டு வேலியும் தலைகீழாக நின்ற இந்தக் கூத்து 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார்.

இந்தோனேசியக் கால்பந்து வர்ணனையில் ‘பகார் பெத்திஸ்’ என்கிறார்களே?

ஃப்ரீ கிக் அடிக்கும்போது கோலுக்கு முன்னால் வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்களே, அந்தத் தடுப்புச் சுவர்தான் பகார் பெத்திஸ். கெண்டைக்கால் வேலி. மேலே சொன்ன கதையின் கெண்டைக்கால் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டு இடைவெளியில் அதே உருவகம்.

ஆனால் வயதான இந்தோனேசியர்களிடம், குறிப்பாக மேற்கு ஜாவாக்காரர்களிடம், இந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் கால்பந்து நினைவுக்கு வராது. 1949-இலிருந்து அங்கே இஸ்லாமிய அரசு கேட்டு கார்த்தோசுவிர்யோ தலைமையில் ‘தாருல் இஸ்லாம்’ கிளர்ச்சி நடந்தது. மலைகளில் ஒளிந்திருந்த கிளர்ச்சியாளர்களைப் பிடிக்க ராணுவம் கையாண்ட முறைக்குப் பெயர்தான் பகார் பெத்திஸ். கிராமத்து ஆண்களைத் திரட்டி மலையைச் சுற்றி வளையமாக நிறுத்துவார்கள். இரவில் இடைவெளி விட்டுத் தீ மூட்டிக் காவல் காக்க வேண்டும். வளையம் மெல்ல மெல்ல மேலே ஏறி இறுகும். உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு போகாது, செய்தி போகாது. 1962 ஜூனில் கார்த்தோசுவிர்யோ பிடிபட்டார், அதே ஆண்டு மரண தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. இந்தோனேசிய ராணுவ வரலாறு இதை ‘மக்களும் ராணுவமும் கைகோத்த வெற்றி’ என்று எழுதுகிறது. கையில் ஆயுதமில்லாமல் வளையத்தில் நின்ற விவசாயியைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

அதே உத்தி 1981-இல் கிழக்குத் திமோருக்குப் போனது. அங்கே பேச்சே கிடையாது, முழுக்கக் கட்டாயம். திமோர் ஆண்களையும் சிறுவர்களையும் படைக்கு முன்னால் நடக்கவிட்டு மலைகளைச் சல்லடை போட்டார்கள். போராளிகள் சுட்டால் தங்கள் சொந்த மக்களையே சுட வேண்டியிருக்கும், அதுதான் கணக்கு. பசியிலும் நோயிலும் பலர் இறந்ததையும், வயல் வேலைக்கு ஆளில்லாமல் விளைச்சல் கெட்டதையும் திமோரின் உண்மை அறியும் ஆணையம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. கிழக்குத் திமோர் பற்றிய எழுத்துகளில் ‘பகார் பெத்திஸ்’ வந்தால் ‘மனித அரண்’ என்று பெருமிதமாக மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘மனிதக் கேடயம்’ என்பதுதான் அந்த இடத்துக்குப் பொருந்தும்.

கல்யாணத்தில் ‘பகார் அயூ’ வேண்டும் என்று தோழி கேட்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

சிரித்தபடி நிற்க வேண்டும், வேறு பெரிய வேலை இல்லை! ‘அயூ’ என்றால் ஜாவா மொழியில் அழகி. மண்டப வாசலிலிருந்து மணமேடை வரைக்கும் இரு பக்கமும் வரிசையாக நின்று விருந்தாளிகளை வரவேற்கும் பெண்கள்தான் பகார் அயூ. பையன்கள் நின்றால் ‘பகார் பாகுஸ்’. பெரும்பாலும் மணமக்களின் தங்கைமார், மாமன் மகள்கள், கல்லூரித் தோழிகள். எல்லாருக்கும் ஒரே நிறத் துணி முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கெபாயா என்னும் அந்த ஊர் மேற்சட்டையாகத் தைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. தையற்கூலி யார் கொடுப்பது என்பதில் நட்பு முறிந்ததும் உண்டு, முதலிலேயே நாசூக்காகக் கேட்டுவிடுங்கள்.

விடியற்காலையிலேயே ஒப்பனைக்கு உட்கார வேண்டும். கொண்டை போட்டு, ஹீல்ஸ் மாட்டி, சில மணி நேரம் நின்றால் கால் வீங்கும். விருந்தாளிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது, மொய்க் கவர் போடும் பெட்டி அருகே ஒரு கண் வைப்பது, வந்தவர்களுக்கு நினைவுப்பரிசு கொடுப்பது என்று சின்னச் சின்ன வேலைகள் பிரித்துத் தருவார்கள். நம்மூரில் வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கற்கண்டு நீட்டும் பெண்பிள்ளைகளின் வேலைதான், வரிசை மட்டும் நீளம். ஒன்று மட்டும்: கூட்டம் குறைந்ததும் முதல் வேலையாகச் சாப்பிட்டுவிடுங்கள். நல்ல அயிட்டமெல்லாம் பகார் அயூ உட்காருவதற்குள் காலியாகிவிடும் என்பது எல்லா மண்டபத்திலும் கேட்கிற புலம்பல்.

‘பகெர் மங்கோக்’ என்றால்?

கிண்ண வேலி. ‘மதில் வேலியைவிடக் கிண்ண வேலி பலமானது’ என்பது ஜாவாப் பழமொழி. வீட்டில் ஏதாவது சமைத்தால் அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடு, ஆபத்து அவசரத்துக்கு அவர்கள்தான் உனக்குக் காவல் என்று பொருள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்ற நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2025-இல் ‘பகார் லாவுட்’ என்று இந்தோனேசியாவே அமளிதுமளிப்பட்டதே, என்ன அது?

கடல் வேலி. ‘லாவுட்’ என்றால் கடல். ஜகார்த்தாவுக்கு மேற்கே, பாந்தென் மாகாணத்தின் தாங்கெராங் கரையோரக் கடலில் மூங்கில் கழிகளை நட்டு ஒரு வேலி. நீளம் 30.16 கிலோமீட்டர். 6 வட்டாரங்களில் 16 கிராமங்களின் கரையோரமாகப் போனது அது. இவ்வளவு பெரிய வேலியை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஆளாளுக்குக் கைவிரித்தார்கள். அதுதான் நாட்டை முதலில் சிரிக்கவும் அப்புறம் கோபப்படவும் வைத்தது.

கடியப்பட்டணத்துக்காரருக்கோ பருத்தித்துறைக்காரருக்கோ சொன்னால் உடனே புரியும். கரையிலிருந்து நேரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த சிறுபடகு மீனவர் வேலி முடியும் இடம் வரை, அல்லது இடையில் விட்ட வாசல் வரை சுற்றிப் போக வேண்டியிருந்தது. டீசல் கூடுதலாகச் செலவானது, பிடித்த மீன் அப்படியே. கடல்சார் துறை அமைச்சகம் ஜனவரியில் அதற்கு முத்திரை வைத்தது. கடல் அரிப்பைத் தடுக்க மீனவர்களே சொந்தச் செலவில் போட்டது என்று ஒரு தரப்பு சொன்னது. முப்பது கிலோமீட்டருக்கு மூங்கில் வாங்கும் வசதி எந்த மீனவருக்கு இருக்கிறது என்று ஊரே திருப்பிக் கேட்டது. ஜனவரி 18-ஆம் தேதி கடற்படையினரும் மீனவர்களும் சேர்ந்து கழிகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

உண்மையான வெடி அதற்குப் பிறகுதான். வேலிக்கு உட்பட்ட கடல் பரப்பில் கட்டட உரிமைச் சான்றிதழ்கள் 263-உம், சொத்துரிமைச் சான்றிதழ்கள் 17-உம் வழங்கப்பட்டிருந்தன. அலையடிக்கும் தண்ணீருக்குப் பட்டா! நிலத்துறை அமைச்சரே இதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பல சான்றிதழ்கள் ரத்தாயின, போலி ஆவணம் தயாரித்ததாகக் கிராமத் தலைவர் ஒருவர் உட்படச் சிலர் மீது வழக்கு வந்தது. கடல் வேலி என்றதும் பழைய கேலோங்கை நினைத்துப் பார்க்கிறேன். அது மீனை வளைக்கப் போட்டது, இது மீனவரை.

# குறிக்கும் இதுதான் பெயரா?

ஆமாம். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட அந்தக் குறி படல் வேலி மாதிரியே இருப்பதால் ‘தண்டா பகார்’, வேலிக் குறி. இந்தோனேசியாவில் கைபேசிக் கடைக்காரர் மீதித்தொகை பார்க்கச் சொல்லித் தருகிறார் என்றால் ‘பிந்தாங், எட்டு, எட்டு, எட்டு, பகார்’ என்பார். பிந்தாங் என்றால் நட்சத்திரம், அதாவது *888#.

அப்புறம் சமூக வலைத்தளங்கள் வந்ததும் ‘தண்டா பகார்’ இரண்டையும் சேர்த்து வெட்டி ‘தாகார்’ ஆக்கிவிட்டார்கள். ஹேஷ்டேகுக்கு இதைவிட அழகான உள்ளூர்ச் சொல் அமையாது. 2018-இல் ‘2019-இல் அதிபரை மாற்று’ என்ற தாகார் சட்டையில் அச்சாகித் தெருவுக்கு வந்து, அதை அணிந்தவர்களும் அணியாதவர்களும் மோதிக்கொள்ளும் அளவுக்குப் போனது. மலேசியாவில் ‘தண்டா பகார்’ என்று முழுதாகச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஹேஷ்டேக் என்றே சொல்லிவிடுவார்கள்.

புது வீட்டுக்குப் ‘பகார்’ போட உஸ்தாஸ் (மார்க்க ஆசிரியர்) வருகிறார் என்றார் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. ஆனால் வீட்டைச் சுற்றி ஏற்கெனவே கம்பி வேலி இருக்கிறதே?

இது கண்ணுக்குத் தெரியாத வேலி. திருஷ்டி, சூனியம், பேய் பிசாசு உள்ளே வராமல் வீட்டைக் ‘கட்டு’வது. நம்மூரில் திசைக்கட்டு, எல்லைக்கட்டு என்பார்களே, அந்த வகை. குர்ஆன் வசனங்களை ஓதி, உப்பும் மிளகும் வீட்டின் நான்கு மூலையிலும் போடுவது பரவலான வழக்கம். உடம்புக்குப் போட்டுக்கொண்டால் ‘பகார் டிரி’. இதையெல்லாம் மார்க்கம் அனுமதிக்கிறதா, வெறும் வசனம் ஓதினால் போதாதா, உப்பு எதற்கு என்று மலாய்க்காரர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. அக்காவிடம் அதைக் கிளப்பாமல் இருப்பது நல்லது.

இஸ்லாம் வருவதற்கு முன்பிருந்தே இது அந்தத் தீவுகளில் இருக்கிறது. சுமத்ராவின் பாத்தாக் மக்களிடம் ‘பகார்’ என்றாலே காப்பு மருந்து, காப்புத் தாயத்து என்று ஒரு பொருள் உண்டு. அவர்களுடைய மந்திரவாதிகளான ‘டாத்து’க்கள் மரப்பட்டையை மடித்துச் செய்த ஏடுகளில் பகார் தயாரிக்கும் முறைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அந்த ஏடுகள் நிறைய இருக்கின்றன.

நிலவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்கும் ‘பகார் பூலான்’, நிலா வேலி என்று பெயர். நாம் ‘நிலா கோட்டை கட்டியிருக்கு’ என்கிறோம். ‘எட்ட வட்டம் கிட்ட மழை’ என்று அடுத்த வரியும் வைத்திருக்கிறோம்.

சுமத்ராவில் ஊர்ப்பெயர்களில் இது அடிக்கடி வருவது ஏன்?

ஒரு காலத்தில் ஊர் என்றாலே கழிகளை நட்டுச் சுற்றி அடைத்த இடம் என்பதால். அதிகம் பேர் கேள்விப்பட்டது பகாருயுங், மினாங்கபாவ் அரசின் பழைய தலைநகர். ‘ருயுங்’ என்பது பனை இனமரங்களின் வெளிப்புற வைரம். நம் பனஞ்சிறாம்பு மாதிரி, இரும்பாக இருக்கும். அங்கே நிற்கும் எருமைக்கொம்புக் கூரை அரண்மனை பழையதன் மாதிரிக் கட்டடம்தான். 2007-இல் இடி விழுந்து எரிந்து, மறுபடி கட்டினார்கள். அந்தப் பகுதியை 14-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆதித்யவர்மனின் கல்வெட்டுகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. வாய்க்கால் ஒன்றின் அருகே உள்ள கல்வெட்டு இருவகை எழுத்தில் இருக்கிறது, அதில் ஒன்று நம் பக்கத்துக் கிரந்தம். போகிறவர்கள் அரண்மனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் அதையும் விசாரித்துப் பாருங்கள்.

தெற்கே பகார் ஆலாம் என்றொரு நகரம் இருக்கிறது. 3,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த டெம்போ எரிமலையின் அடிவாரம், சரிவெல்லாம் தேயிலை. வேலியை ஊர்ப்பெயரில் வைப்பது நமக்குப் புதிதில்லை. இறைவன் நெல்லை மழையிலிருந்து வேலி கட்டிக் காத்ததாகத் தலபுராணம் சொல்லும் திருநெல்வேலி இருக்கிறதே.

பாலாங், செக்காட், தெம்போக், ஹாலாஙான்... எல்லாமே ‘தடுப்பு’ என்றுதான் அகராதியில் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

பாலாங், குறுக்குக் கட்டை. ரயில்வே கேட்டில் இறங்குவது, வாகன நிறுத்துமிடத்தில் தூக்குவது, கதவுக்குப் பின்னால் போடும் தாழ்க்கட்டை எல்லாம் அதுதான். குறுக்குக் கட்டை என்பதால் சிலுவைக்கும் போய், இந்தோனேசியாவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் ‘பாலாங் மேரா’ என்று பெயர். ஜகார்த்தாவின் பெத்தாவி மக்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை வாசலில் மறித்து, ‘சிலாட்’ என்னும் மலாய்த் தற்காப்புக் கலையில் சண்டை போட்டு, எசப்பாட்டு பாடி ஜெயித்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தச் சடங்கு ‘பாலாங் பிந்து’.

செக்காட் என்பது அறைக்குள் தடுப்பு. தெம்போக் மதில். இவையெல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடியவை. ஹாலாஙான், ரிந்தாஙான், ஹம்பாதான் எல்லாம் இடையூறு, முட்டுக்கட்டை. ‘மொழித் தடை’, ‘வணிகத் தடை’ என்று எழுத வேண்டிய இடத்தில் பகார் போட்டால் சிரிப்பார்கள். ஒரு பெண் ‘எனக்கு ஹாலாஙான்’ என்று தொழுகைக்கோ நோன்புக்கோ வராமல் இருந்தால் மாதவிலக்கு என்று பொருள், மேற்கொண்டு கேட்கக் கூடாது.

பகார் எப்போதும் எதையோ காக்கப் போட்டதாக இருக்கும். அதனால்தான் இந்தோனேசியாவின் நஹ்த்லாதுல் உலாமா என்னும் இஸ்லாமிய அமைப்பு 1986-இல் தொடங்கிய சிலாட் சங்கத்துக்குப் ‘பகார் நூசா’ என்று பெயர் வைத்தார்கள். அமைப்புக்கும் தேசத்துக்கும் வேலி என்று அதற்கு விளக்கம்.

மலேசியாவில் வீடு பார்க்கிறேன். விளம்பரத்தில் ‘பெர்பகார் டான் பெர்பெங்காவால்’ என்றிருக்கிறது. கூடுதல் விலை கொடுக்கலாமா?

‘வேலியும் காவலும் உள்ள’ என்று பொருள். ஆனால் இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘கொமூனித்தி பெர்பகார்’ என்றால் முழு வளாகமும் ஸ்ட்ராட்டா பட்டாவில் வரும். உள்ளே இருக்கும் சாலை, பூங்கா எல்லாம் வீட்டுக்காரர்களின் பொதுச் சொத்து. வேலி சட்டப்படியானது, பராமரிப்புக் கட்டணமும் கட்டாயம்.

‘கெஜிரானான் பெர்பெங்காவால்’ வேறு. சாதாரணத் தனிப்பட்டா வீடுகள், சாலை நகராட்சிக்குச் சொந்தம். குடியிருப்போர் சங்கம் சேர்ந்து காவலாளி வைத்து, வாசலில் கட்டை போட்டிருப்பார்கள். பொதுச் சாலை என்பதால் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று அவர்களால் சொல்ல முடியாது. காவல் பணமும் விருப்பப்பட்டால் கொடுப்பதுதான். பாதி வீடுகள் கொடுக்காமல் விட்டால் அடுத்த ஆண்டு காவலாளி இருக்க மாட்டார். விற்பவர் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார். பட்டா ஸ்ட்ராட்டாவா இல்லையா என்று வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.